இருபத்தேழாம் பையில் ஒரு தீவு

'முடியாது' என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்கிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "ஏனுங்க கண்ணு, இந்த வாரம் வேண்டாமுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்பார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இத்தனை 'ங்க' போட்டால் அவள் எதிர்த்து என்ன பேசுவாள்? நான் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் ஊர்க்காரி. திட்டினால் திருப்பித் திட்டத் தெரியும். மரியாதையைத் திருப்பி அடிக்கத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு ரூமுக்குப் போய்த் தலையணையைக் குத்துவேன்.

அவர் எங்கள் ஹாஸ்டல் வார்டன். திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டல் அது. மூன்று மாடி, நூற்றுச் சொச்சம் பெண்கள், ஒரே ஒரு கேட். காலையில் கம்பெனி வேன் அந்த கேட்டில் எங்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அதே கேட்டில் இறக்கிவிடும். நடுவில் எங்கள் கால் தரையில் படுவது கம்பெனிக்குள் மட்டும்தான். அங்கே இருந்த இரண்டரை வருடமும், திருப்பூரில் இருக்கிறேன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் பார்த்த திருப்பூர் வேன் ஜன்னல் அகலம்தான்.

எல்லோரும் அவரை வார்டன்ம்மா என்று கூப்பிட்டோம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐம்பதை நெருங்கிய வயது. இடுப்பில் சாவிக்கொத்து. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் முறிந்து, அதைத் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருப்பார். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய துணி தொங்கும். கட்டிங்கில் விழுந்த மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு அவரே தைத்தது. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எங்கள் போன்கள் அவரவர் எண்ணுள்ள பையில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கையில் கிடைக்கும், எட்டு மணிக்குத் திரும்பப் பைக்குள் போய்விடும். போனைத் திறக்கிற எண்ணையும் அவரிடம் சொல்லி வைக்க வேண்டும், அதுவும் சட்டம். என் பை இருபத்தேழு.

பதிவேடு எழுதுவதில் அவருக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. யார் எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், தண்ணீர் லாரி எப்போது வந்தது, எல்லாம் எழுதுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'பூனை உள்ளே 4.20' என்று இருந்தது. அடுத்த கட்டம் காலி. பூனை வெளியே போகவில்லை போலிருக்கிறது. சிரித்தேன் என்று என்மேல் கோபிக்கவில்லை.

"உள்ள வந்தது எல்லாம் உள்ள இருந்தாத்தானுங்க கண்ணு எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

யாராவது வெளியே விடவில்லை என்று முணுமுணுத்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "நானே போறதில்லீங்களே." அதைக் குறையாகச் சொல்ல மாட்டார். எங்களைச் சமாதானப்படுத்துவதற்குச் சொல்வார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஆனால் அது உண்மை. எங்களுக்குச் சட்டம் போட்ட கம்பெனி அவருக்கும் ஒன்று போட்டிருந்தது. ஹாஸ்டலுக்குள் ஒரு பெண் இருந்தால்கூட வார்டன் உள்ளே இருக்க வேண்டும். மாற்று ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டால்தான் வெளியே போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு பெண்கூட இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே இருந்தால்தானே? ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்திக்கு வார லீவு. பொங்கலுக்கு நாங்களெல்லாம் ஊருக்குப் போனாலும் ஒடிசாப் பெண்கள் இருப்பார்கள். மாற்று ஆளை நான் கண்ணால் கண்டதே இல்லை. ஆறு மாதத்துக்கு என்று வேலைக்கு வந்தவர், நான் போய்ச் சேர்ந்தபோது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

குண்டடத்தில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாற்று ஆள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். வார்டன்ம்மா அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டி, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சீர்த் தட்டு. எட்டு மணிக்கு நாங்கள் வேன் ஏறும்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தால், அதே பட்டுப் புடவையோடு எண் பார்த்துப் பார்த்து எங்கள் போன்களை எடுத்துக் கொடுக்கிறார். மாற்று ஆள் வரவே இல்லை. என் ரூமில் இருந்த செல்வி மட்டும், "புடவை நல்லா இருக்கும்மா" என்றாள்.

"இருக்குதுங்களா?" என்று தலைப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "கட்டுனது கட்டியாச்சு. அவுக்க மனசு வல்லீங்க."

போனில் ஒரு விளையாட்டு எனக்கும் வார்டன்ம்மாவுக்கும் நடுவில் வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான்.

என் வேலை செக்கிங். டேபிளில் வந்து விழுகிற டீ-சர்ட்டை உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேட வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நாள் முழுக்க எங்கே கோணல் என்று தேடுவதுதான் பிழைப்பு. சுவரில் இருக்கிற போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை எட்டினால் அடுத்த வாரம் அதை அழித்துவிட்டு இன்னும் பெரிய எண்ணாக எழுதுவார்கள். சாயங்காலம் சோற்றுத் தட்டில் கூட என் கண் கறை தேடும்.

அப்படிப்பட்ட எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது ஒரு தீவு. போனில் ஓசியில் இறக்கிக்கொண்ட விளையாட்டு. அதில் எனக்கு ஒரு குட்டி வீடு. அக்கம்பக்கத்தில் கரடி, முயல், வாத்து, ஒரு சோம்பேறி ஆமை. எல்லாவற்றுக்கும் தலை பெரிது, உடம்பு சிறிது, கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சிப்பி பொறுக்கலாம், நாற்காலியை இந்த மூலையிலிருந்து எடுத்து அந்த மூலையில் போடலாம். ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், அதற்கும் யாரும் கோபிக்க மாட்டார்கள். வழியில் பார்த்தால் கரடி ஒரு ஆப்பிள் கொடுக்கும். எதற்கு என்று கேட்டால் சும்மா என்று சொல்லும்.

"எப்படி ஜெயிக்கிறது?" என்று செல்வி கேட்டாள்.

"ஜெயிக்கிறதெல்லாம் கெடையாது."

"எப்ப முடியும்?"

"முடியாது. போய்க்கிட்டே இருக்கும்."

"பெறகு எதுக்குடி அத விளையாடணும்?"

"அதுக்குத்தான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அங்கே போக யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்று இப்போது சொல்வேன்.

விளையாட்டு தமிழிலும் இருந்தது. ஏதோ எந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ். "நண்பரே, உங்கள் மலர் தாகமாக உள்ளது" என்று போன் டிங் என்று சத்தம் போடும். தீவின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. இங்கே பகல் என்றால் அங்கேயும் பகல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றாவிட்டால் பூவெல்லாம் தலை தொங்கிவிடும். என் போனோ பகல் முழுக்கப் பைக்குள். ஆகையால் ஏழு மணிக்கு நான் போய்ப் பார்க்கும்போது என் தோட்டம் எப்போதும் துக்க வீடாகத்தான் இருக்கும்.

ஒருநாள் திறந்து பார்த்தால் பூவெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், நான் போடாத ஒரு பெஞ்சு கடற்கரையில் கிடந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நேராக வார்டன்ம்மா அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தப்புத்தானுங்க கண்ணு. அது டிங்கு டிங்குன்னு சத்தம் போட்டுச்சுங்க. எடுத்துப் பாத்தா, தாகமா இருக்குதுன்னு எழுதியிருக்குது. தண்ணி கேக்கறப்ப ஊத்தாம எப்பிடீங்க இருக்கறது?"

அவரிடம் இருந்தது ஆபீஸ் கொடுத்த பட்டன் போன். பேசலாம், அவ்வளவுதான். "எனக்கெதுக்குங்க பெரிய போனு, யாருக்குப் பேசப் போறன்?" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கண்ணாடியின் நூல்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் என் தீவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. "ஊத்துங்கம்மா, நல்லதுதான்" என்றேன்.

அன்றிலிருந்து பகல் அவருக்கு, ஏழிலிருந்து எட்டு எனக்கு. போனைக் கையில் கொடுக்கும்போதே அன்றைய சங்கதி வந்துவிடும். எங்களுக்குப் போடுகிற 'ங்க' எல்லாம் கரடி முயலுக்கும் கிடைத்தது. "கரடியாரு இன்னிக்கு மீன் புடிச்சிட்டு வந்து குடுத்தாருங்க." "முயலம்மா ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்க, நான் ஒரு மேசை வாங்கிக் குடுத்தனுங்க." "ஆமையண்ணன் தூங்கறாரு, எழுப்பிப் போடாதீங்க." ஒறம்பரை என்றால் விருந்தாளி என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பதினோரு வருடமாக விருந்துக்குப் போகாத, விருந்தாளி வராத ஒருவர் அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

தீவின் ஓரத்தில் ஒரு படகு நிற்கும். அதில் ஏறினால் வேறு வேறு தீவுகளைப் பார்த்துவிட்டு வரலாம். அவர் ஏறவே இல்லை. "போய்ப் பாருங்கம்மா, ஒரு பைசா செலவில்ல" என்றேன்.

"இவீகளை எல்லாம் வுட்டுப்போட்டுங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. பூட்டே இல்லாத ஒரு ஊரில் கொண்டுபோய் விட்டாலும் இந்த அம்மா அங்கேயும் வார்டனாகத்தான் இருப்பார் என்று அன்று தோன்றியது.

அந்த வாத்துக்கு ஊர் சுற்றும் புத்தி. நாலைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வந்து நிற்கும். "நண்பரே, நான் இந்தத் தீவை விட்டு வெளியேற விரும்புகிறேன். நீங்கள் அனுமதிப்பீர்களா?" கீழே இரண்டு கட்டம். ஒன்றில் 'அனுமதி', மற்றதில் 'இரு'. வார்டன்ம்மா ஒவ்வொரு தடவையும் 'இரு' என்பதையே அழுத்துவார். வாத்து தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகும். நாலு நாள் கழித்து மறுபடி வந்து நிற்கும்.

"ஒரு தடவ அனுப்பித்தான் பாப்பமேம்மா."

"போனா எங்கீங்க போவாரு? ஊடு வாசல் வேண்டாமுங்களா? அங்க யாரு அவரைப் பாத்துக்குவாங்க?"

"அது வாத்தும்மா."

"வாத்துன்னா?" என்றார்.

அவுட் பாஸ் எப்படிக் கிடைக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டன் நம் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார். வீட்டில் சரி என்றால் பாஸ் வரும். பாஸ் வந்தால் ஞாயிறு காலை போனையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

எனக்குப் பாஸ் வருவது நின்றது. முதல் தடவை, வேன் டிரைவர் லீவு என்றார். அடுத்த தடவை, மழை வருமாட்ட இருக்குதுங்க என்றார். அந்த மாதம் முழுக்கத் திருப்பூரில் ஒரு தூற்றல்கூட இல்லை. மூன்றாம் தடவை செல்விக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

"ஒனக்குப் புரியலையாடி? ஒன்னைய வெளிய விட்டா போனும்ல வெளிய போயிரும். அந்தம்மா பகல் பூரா என்ன செய்யும்?" என்றாள் செல்வி.

நான் நம்பவில்லை. அவ்வளவு நல்ல பொம்பளையைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே என்று அவள்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்த வாரம் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுகிற அளவு, போடக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுக்கிறார்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. எங்கள் செக்கிங் இன்சார்ஜ் அக்காதான் ரகசியமாகச் சொன்னார். அங்கே ஹாஸ்டல் கிடையாது, வெளியே ரூம் எடுத்துத் தங்கலாம். அதாவது என் கதவு, என் சாவி. நான் அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. புதன்கிழமை எழுதிக் கொடுத்தேன். இன்டர்வியூ என்றே சொன்னேன், பொய் சொல்லவில்லை. வார்டன்ம்மா தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் சாயங்காலம் கூப்பிட்டார். "ஊட்டுல கேட்டனுங்க கண்ணு. அப்பா வேண்டாம்னுட்டாருங்க." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அப்பாவைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இன்சார்ஜ் அக்காவின் போனை வாங்கி அப்பாவுக்கே போட்டேன். "ஏம்ப்பா வேணாம்னு சொன்னீக?" என்று அழுதேன்.

"யாரு தாயி கேட்டா? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே" என்றார் அப்பா. "போயிட்டு வா தாயி. நல்லபடியாப் போயிட்டு வா."

மத்தியானத்துக்கு மேல் நான் எத்தனை டீ-சர்ட் பார்த்தேன், எதில் என்ன குறை இருந்தது, எதுவும் எனக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு வரிசையில் நின்றேன். வார்டன்ம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். இருபத்தேழாம் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு ஒரு விசயமுங்க கண்ணு" என்று ஆரம்பித்தார்.

"எங்கப்பாவுக்குப் போன் போட்டீகளா?" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போடலீங்க" என்றார்.

போனை வாங்கி, அவருக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். கரடி முகம் போட்ட அந்தப் படத்தை விரலால் அழுத்தினேன். 'நீக்கு' என்று வந்தது. அழுத்தினேன். கரடி போய்விட்டது. "இனிமே ஒங்களுக்குப் பகல்ல தொந்தரவு இல்ல" என்றேன். பின்னால் நின்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அடுத்த பைக்குள் போயிற்று. "இருபத்தெட்டுங்க" என்று கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை வேன் ஏறுவதற்கு முன் கூப்பிட்டார். மேசையில் எனக்கான பாஸ் இருந்தது, கையெழுத்தோடு. "அப்பாகிட்டப் பேசிட்டனுங்க" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. தீவு போய்விட்டது, இனி இந்தப் போன் உள்ளே இருந்தால் என்ன, வெளியே போனால் என்ன, அதனால்தான் கையெழுத்து வந்தது என்று கணக்குப் போட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயிப்பது தோற்பது இல்லாத ஒரு விளையாட்டை வைத்து நான் ஜெயித்தேன், பாருங்கள்.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதத்தில் ஹாஸ்டலைக் காலி செய்தேன். நான் போகிற நேரத்தைப் பதிவேட்டில் எழுதினார். "பாத்துப் போங்க கண்ணு" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது நான் பேட்டர்ன் போடுகிறேன். லைன் வீட்டில் ஒரு ரூம், அதற்கு ஒரு சாவி. போன மாதம் புதுப் போன் வாங்கினேன். பழைய மெயிலைப் போட்டு உள்ளே நுழைந்ததும், முன்பு வைத்திருந்ததையெல்லாம் திரும்ப ஏற்றட்டுமா என்று கேட்டது. பட்டியலில் அந்தக் கரடி முகம் இருந்தது. என்னவோ தோன்றி அழுத்தினேன். அழிந்துவிட்டது என்று நான் நினைத்த தீவு எங்கும் போகவில்லை. என் மெயிலோடு சேர்ந்து எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

முழங்கால் உயரத்துக்குக் களை. பூவெல்லாம் காய்ந்து கம்பியாக நின்றது. கடற்கரையில் பெஞ்சு அப்படியே இருந்தது. ஆமை வந்து, "நண்பரே, நீண்ட காலம் உங்களைக் காணவில்லை" என்றது. கரடி இருந்தது, முயல் இருந்தது. வாத்து மட்டும் இல்லை. அதன் வீடு இருந்த இடம் வெறும் மண்.

என் வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. "அன்பு நண்பரே, இன்று என்னை அனுமதித்ததற்கு நன்றி. நான் படகில் செல்கிறேன். இப்படிக்கு வாத்து." கீழே தேதியும் நேரமும். என் இன்டர்வியூ தேதியை நான் மறக்க மாட்டேன். அதற்கு இரண்டு நாள் முந்தின வெள்ளிக்கிழமை. முற்பகல் பதினொன்று நாற்பது.

அந்த நேரத்தில் நான் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கு இன்னும் போன் போட்டிருக்கவில்லை. அங்கே ஹாஸ்டலில் தன் அறையில் தனியாக உட்கார்ந்து அந்த அம்மா முதல் தடவையாக மற்றக் கட்டத்தை அழுத்தியிருக்கிறார். 'இன்னிக்கு ஒரு விசயமுங்க கண்ணு' என்று சாயங்காலம் என்னிடம் சொல்ல வந்தது அதைத்தான். நான் சொல்லவிடவில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் ஊரை அழித்துக் காட்டினேன். கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய போனைத் துடைத்து, அதில் தீவை ஏற்றி, சார்ஜரையும் எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டுக்குப் போனேன். கேட்டில் புது வாட்ச்மேன். வார்டன் வெளியே வரக் கூடாது, நீங்கள் உள்ளே போகக் கூடாது என்றார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சாவிச் சத்தம் முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இருபத்தேழுங்களா?" என்றார்.

"மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது.

"எதுக்குங்க கண்ணு? பொய் சொன்னது நானுங்க."

போனைக் கம்பி வழியாகக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஐயோ, இப்பிடிக் காடாக் கெடக்குதுங்களே" என்றார். விரல் தானாகவே நீண்டு ஒரு களையைப் பிடுங்கியது. இன்னொன்றைப் பிடுங்கியது. அப்புறம் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "வாத்து திரும்பி வந்தாருங்களா?"

"வரலம்மா."

"அப்ப நல்லா இருக்காருங்க" என்றார். முகம் அவ்வளவு தெளிவாயிற்று.

போனை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்தார். வெளி ஆளிடம் சாமான் வாங்கக் கூடாது, சட்டம். "அப்ப வாங்காதீங்க. பைக்குள்ள போட்டு வைங்க. எம் போனுதான, எழுதிக்கங்க" என்றேன். அதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து போனையும் சார்ஜரையும் வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து கம்பி ஓரத்திலேயே வைத்து எழுதினார். எண் 27. போன் ஒன்று, சார்ஜர் ஒன்று. கொடுத்த நேரம் 4.10. அடுத்த கட்டம் திருப்பி வாங்கும் நேரம். பேனாவை அங்கே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்பங்க வந்து வாங்கிக்குவீங்க?"

"நீங்க வெளிய வர்ற அன்னைக்கும்மா."

உள்ளேயிருந்து ஒரு பெண் "வார்டன்ம்மா" என்று கூப்பிட்டாள். "வாரனுங்க" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அப்ப அந்தக் கட்டத்த அப்பிடியே வுட்டுர்றனுங்க" என்றார்.

"நான் போகட்டாம்மா?" என்று கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அவரிடம் கேட்காமல் கிளம்ப எனக்குத் தெரியவில்லை.

"போய்ட்டு வாங்க கண்ணு" என்றார்.

அந்தச் சின்னக் கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பூட்டு அவர் பக்கம்தான் இருந்தது.